ஆச்சி வீட்டு நல்லெண்ணெய்த் தூக்கு: தாவர ஈஸ்ட்ரோஜன் கணக்கு போட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடி பக்கத்துல ஒரு நகரத்தார் ஊர்ல, ஒரே ஒரு வீட்டுல, ஒரே ஒரு ஆளுக்கு நான் போட்ட கணக்கு இது. சாப்பாட்டு வழியா தாவர ஈஸ்ட்ரோஜன் உடம்புக்குள்ள எவ்ளோ போகுதுன்னு கண்டுபிடிக்கணும், அவ்ளோதான் வேலை, ஒரு மத்தியானத்துல முடிஞ்சுரும்னு நெனச்சு ஆரம்பிச்சேன், கடைசியில மாசக்கணக்கா இழுத்துருச்சு. நான் டயட்டீஷியன். அந்த ஆச்சிகிட்டயும் அவங்க மககிட்டயும் கேட்டு, பேரு ஊரு எதுவும் வராதுன்னு சொல்லி, சம்மதம் வாங்கினப்புறம்தான் எழுதுறேன். இந்த மாதிரி கணக்கு போடுற மத்தவங்களுக்கும், நம்ம பக்கத்து வீடுகள்ல தைராய்டு மாத்திரை சாப்பிடுற அம்மாக்களுக்கும் உபயோகமா இருக்கும்.

யாரு, என்ன பிரச்சனை

ஆச்சிக்கு 54 வயசு, மாதவிலக்கு நின்னு 3 வருஷம் ஆச்சு. தைராய்டு குறைவா இருக்குன்னு 6 வருஷமா தினமும் 75 மைக்ரோகிராம் மாத்திரை. போன வருஷம் டி.எஸ்.ஹெச். (தைராய்டு குறைஞ்சா ரத்தத்துல ஏறுற ஹார்மோன்) 2.8, நல்லா இருந்துச்சு, இந்த வருஷம் பங்குனியில எடுத்தப்ப 8.9-க்குப் போயிருச்சு. மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுறாங்க, ஒரு நாள் கூட விடல, நான் அட்டைய வாங்கி எண்ணியே பாத்துட்டேன். அதோட ராத்திரியில திடீர்னு உடம்பு சூடாகி வேர்த்துக் கொட்டுறது வேற.

மக சென்னையில இருக்காங்க. சோயாவுல பெண் ஹார்மோன் இருக்கு, அது தைராய்டக் கெடுக்கும், மார்புப் புற்றுநோய் வரும்னு எங்கயோ படிச்சுட்டு ரொம்ப பயந்து போய் ஃபோன் பண்ணாங்க, "மேடம், எங்க ஆத்தாவுக்கு ஒரு நாளைக்கு சாப்பாட்டுல எவ்ளோ ஈஸ்ட்ரோஜன் போகுதுன்னு ஒரே ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க, அது போதும்"னு. அந்த ஒரே ஒரு நம்பர்தான் இந்தக் கதை முழுக்க.

முதல்ல கொஞ்சம் அடிப்படை

தாவர ஈஸ்ட்ரோஜன்னா தாவரத்துல நம்ம ஈஸ்ட்ரோஜனே இருக்குன்னு அர்த்தம் இல்ல. அதோட வடிவத்துக்கு ஓரளவு ஒத்துப்போற சில பொருள்கள் இருக்கு, அதுங்க நம்ம உடம்புல ஈஸ்ட்ரோஜன் போய் உக்கார்ற இடத்துல லேசா உக்காரும், ஆனா வீரியம் ரொம்பக் குறைவு, உடம்பு தானா சுரக்குற எஸ்ட்ராடயாலோட ஒப்பிட்டா ஆயிரத்துல ஒரு பங்கு, அதுக்கும் கீழ. முக்கியமா ரெண்டு கூட்டம். ஒண்ணு ஐசோஃப்ளேவோன், சோயாதான் அதுக்குத் தலைவாசல், ஜெனிஸ்டீன், டைட்சீன்னு பேரு. இன்னொண்ணு லிக்னான், ஆளிவிதை, எள்ளு, முழு தானியம், பூண்டு, காய்கறின்னு பரவிக் கெடக்குறது. மூணாவதா கூமெஸ்ட்ரால்னு ஒண்ணு முளைகட்டின பயறுல கொஞ்சமா வரும்.

பயம் சும்மா கிளம்பினது இல்ல. 1940-கள்ல மேற்கு ஆஸ்திரேலியாவுல ஒரு வகை க்ளோவர் புல்ல மேஞ்ச செம்மறி ஆடுங்க கொத்துக்கொத்தா சினை பிடிக்காமப் போச்சு, அந்தப் புல்லுல இருந்த ஃபார்மோனோனெட்டின் ஆட்டோட வயித்துல ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யுற ஈக்வாலா மாறினதுதான் காரணம்னு பின்னால தெரிஞ்சுது. ஆனா அந்த ஆடுங்க நாள் முழுக்க அதை மட்டுமே மேஞ்சதுங்க. அளவுதான் இங்க எல்லாமே, அதனாலதான் கணக்கு முக்கியம்.

ஒப்பிட்டுப் பாக்க ஒரு அளவுகோல் வேணும்ல. ஜப்பான்ல பெரியவங்க ஒரு நாளைக்கு 25-லேர்ந்து 50 மி.கி. ஐசோஃப்ளேவோன் சாப்பிடுறாங்க, அமெரிக்கா, ஐரோப்பாவுல பொதுவா 3 மி.கி.க்கும் கம்மி. நம்ம ஆச்சி எங்க நிக்கிறாங்க?

முதல் கணக்கு, முழுத் தப்பு

முதல்ல வழக்கமா எல்லாரும் செய்யுறதத்தான் நானும் செஞ்சேன். ஒரு கேள்வித்தாள் இருக்கு, வெளிநாட்டு ஆய்வுகள்ல இருந்து எடுத்தது, டோஃபு எத்தனை தடவை, சோயா பால் எத்தனை தடவை, சோயா சாஸ், மிசோ. ஆச்சி எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னுட்டாங்க, "அதெல்லாம் நாங்க கண்ணால கூடப் பாத்தது இல்லம்மா"ன்னாங்க. அப்புறம் நேத்து என்ன சாப்டீங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டேன், காலையில இட்லி, மத்தியானம் சோறு, கத்திரிக்கா முருங்கக்கா போட்ட இளங்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், ராத்திரி இடியாப்பம். கூட்டிப் பாத்தா ஐசோஃப்ளேவோன் 1 மி.கி. கூட வரல. மகளுக்கு ஃபோன் பண்ணி கவலைப்படாதீங்க, ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டேன்.

மூணு நாள் கழிச்சு வேற எதையோ பேசும்போது ஆச்சி சாதாரணமா சொன்னாங்க, "காலையில எந்திரிச்சதும் மாத்திரையப் போட்டுட்டு காப்பியக் குடிச்சிருவேன், கையோட சத்துமாவுக் கஞ்சி, அப்புறம் எட்டரைக்குத்தான் இட்லி." கஞ்சியா? அது எழுதின தாள்லயே இல்லையேன்னு கேட்டா, "அது சாப்பாடு இல்லையேம்மா, சத்துக்குக் குடிக்கிறது"ன்னாங்க. அந்த மாவுல என்ன போட்டிருக்குன்னு கேட்டப்பதான் பதினாலு சாமான்ல சோயா பீன்ஸும் ஆளிவிதையும் வந்துச்சு. போன கார்த்திகையில இருந்துதான் குடிக்கிறாங்களாம், யாரோ உறவுக்காரங்க சொல்லி ஆரம்பிச்சது.

அப்பவே மகளுக்கு ஃபோன் போட்டு, நான் சொன்னது தப்பு, வீட்டுக்கே போய் ஏழு நாள் நிறுத்துப் பாத்துட்டு சொல்றேன்னு சொன்னேன்.

அடுப்படியில ஏழு நாள்

வைகாசியில போனேன். முகப்பு தாண்டி, வளவு தாண்டி, ரெண்டாங்கட்டு தாண்டி அடுப்படி, அங்க ஒரு ஓரத்துல என் டிஜிட்டல் தராச வெச்சுக்கிட்டேன். வீட்டுல சாப்பிடுறவங்க நாலு பேரு, ஆச்சி, அவங்க வீட்டுக்காரர், மகன், மருமக. முதல் நாள் ஆச்சிக்கு ரொம்பக் கூச்சம், "எண்ணெயக் கூடவா நிறுப்பாக"ன்னு மருமககிட்ட கேட்டாங்க, ரெண்டாவது நாளே பழகிருச்சு, மூணாவது நாள் அவங்களே கரண்டியத் தூக்கி தராசுல வெச்சு "எழுதிக்கம்மா"ன்னாங்க.

சத்துமாவு சுலபம். மில்லுக்குக் கொடுத்த சீட்டு இருந்துச்சு, மொத்தம் 4 கிலோ, அதுல சோயா பீன்ஸ் அரைக் கிலோ, ஆளிவிதை 200 கிராம். கஞ்சிக்கு எடுக்குற மாவு ஏழு நாள்ல பெரும்பாலும் 30 கிராம். அப்போ ஒரு நாளைக்கு சோயா 3.75 கிராம், ஆளிவிதை 1.5 கிராம். முழு சோயா பீன்ஸ்ல 100 கிராமுக்கு 100-லேர்ந்து 200 மி.கி. வரைக்கும் ஐசோஃப்ளேவோன் இருக்கும், ரகம், விளைஞ்ச ஊரு, வருஷம் எல்லாத்தையும் பொறுத்து மாறும், நடுவுல 150-ன்னு எடுத்தா 5.6 மி.கி. கஞ்சி ஒண்ணே ஐரோப்பாக்காரங்க சராசரியத் தாண்டிருச்சு. ஆளிவிதை அதைவிட அழுத்தமான சாமான், கிராமுக்கு 3 மி.கி.க்கு மேல லிக்னான், அதனால ஒண்ணரை கிராம்லயே 5 மி.கி. வாக்குல வந்துருது. ஆளிவிதைய முழுசா முழுங்குனா நிறைய அப்படியே வெளிய போயிரும், இங்க நைசா அரைச்சு கஞ்சியாக் காய்ச்சுறதால உள்ள சேர்றது அதிகம்.

அடுத்தது மீல் மேக்கர். இதைப் பத்தி கேள்வித்தாள்ல ஒரு வரி கூட கெடையாது, நம்ம பக்கம் சைவ நாள்னா இதுதான் கறிக்குப் பதிலு. செவ்வாய், வெள்ளி கவிச்சி கெடையாது, அந்த ரெண்டு நாளும் ஆச்சி மீல் மேக்கரச் சுக்கா வறுக்குறாங்க, இல்லன்னா அரைச்சு கோலா உருண்டை. மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம் போட்டு வதக்கி இறக்கினா வாசனை தெருவுக்கே வரும். எடை போட்டதுல ஒரு தடவைக்கு காஞ்ச மீல் மேக்கர் 100 கிராம். ஆச்சி வீட்டுக்காரர் அதைத் தொடவே மாட்டார், ஆம்பளைங்களுக்கு ஆகாதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. சோயாவாலயோ ஐசோஃப்ளேவோனாலயோ ஆம்பளைங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையலன்னு பல ஆய்வுகளத் தொகுத்துப் பாத்தே சொல்லிட்டாங்க, அவர்கிட்டயும் சொன்னேன், சிரிச்சுக்கிட்டே தட்டுல அப்பளத்த எடுத்துக்கிட்டார். ஆக நாலு பேருன்னு வகுத்தா தப்பு, சாப்பிடுறது மூணு பேரு, ஆச்சி தட்டுக்கு வந்ததக் காஞ்ச எடையாத் திருப்பிப் பாத்தா 30 கிராம்.

மீல் மேக்கர் எண்ணெய் எடுத்த சோயா மாவுல செய்யுறது, 100 கிராமுக்கு 150 மி.கி. வாக்குல இருக்கும். அப்படின்னா 30 கிராமுக்கு 45 மி.கி. ஆனா ஆச்சி அதை எப்படி சமைக்கிறாங்கன்னு பாக்கணும். கொதிக்கிற உப்புத் தண்ணியில போட்டு மூடி வெச்சாங்க, பத்து நிமிஷத்துல ஒவ்வொண்ணும் புஸ்ஸுனு ஊறிருச்சு, தண்ணி இளமஞ்சளா, மேல நுரை கட்டி, பச்சைப் பயறு வாடை அடிச்சுது. அதை வடிச்சுட்டு பச்சத் தண்ணி ஊத்தி, உள்ளங்கையில ஒவ்வொரு பிடியா எடுத்து நல்லா பிழிஞ்சாங்க, திரும்பவும் தண்ணி, திரும்பவும் பிழிஞ்சாங்க. "இந்த வாடை போகலைன்னா மசாலா ஏறாதும்மா." அந்த மஞ்சத் தண்ணி எல்லாம் சிங்க்ல போச்சு. ஐசோஃப்ளேவோன் பெரும்பாலும் சர்க்கரையோட ஒட்டுன வடிவத்துல இருக்கும், தண்ணியில கரையும். சோயா பீன்ஸ ஊறப்போட்டு வேகவெச்சு டெம்பேங்கற இந்தோனேசியப் பண்டம் செஞ்சப்ப ஊறுறதுல 12 சதவீதமும் வேகுறதுல 49 சதவீதமும் போச்சுன்னு 1996-லயே அளந்து சொல்லியிருக்காங்க. மீல் மேக்கர பிழியுறதும் அதே மாதிரிதான், அதனால எதுவுமே போகலன்னா 45, பாதி போச்சுன்னா 22-ன்னு ரெண்டு எல்லையையும் வெச்சுக்கிட்டேன். வாரத்துல ரெண்டு நாள்னு ஏழு நாளைக்குப் பரப்புனா தினம் 6.4-லேர்ந்து 13 மி.கி.

கஞ்சியையும் சேத்தா ஐசோஃப்ளேவோன் ஒரு நாளைக்கு 12-லேர்ந்து 19 மி.கி. சுண்டல், பாசிப்பயறு, கும்மாயம் இதெல்லாம் சேத்தாலும் இந்தக் கணக்கு பெருசா நகராது, கொண்டைக்கடலையில பயோக்கானின்னு ஒண்ணு இருக்கு, அது குடல்ல ஜெனிஸ்டீனா மாறும், ஆனா ஒரு கிண்ணம் சுண்டலுக்கு ஒரு மி.கி.ய ஒட்டித்தான் வரும். உளுந்துல இன்னும் கம்மி. ரீஃபைண்ட் சோயா எண்ணெய்ல ஐசோஃப்ளேவோன் இல்லன்னே சொல்லலாம், அது எண்ணெய்ல கரையாது, மகளுக்கு அந்தப் பயமும் இருந்துச்சு.

முதல்ல 1 கூட இல்லன்னு சொன்ன இடத்துல இப்ப 12, 19. அதுவும் மீல் மேக்கர் இல்லாத நாள்ல 6 மி.கி., இருக்குற நாள்ல 28-லேர்ந்து 50. நேத்து என்ன சாப்டீங்கன்னு ஒரு நாள் மட்டும் கேட்டா எந்த நாள்ல கேக்குறோம்ங்கறதப் பொறுத்து ஆச்சி ஐரோப்பாக்காரியாவும் தெரிவாங்க, ஜப்பான்காரியாவும் தெரிவாங்க.

புரட்டாசி வந்தா இதுவும் மாறும். மாசம் முழுக்க சைவம், மீல் மேக்கர் வாரத்துக்கு நாலு தடவைன்னு மருமக சொன்னாங்க. அப்ப 18-லேர்ந்து 31. தை மாசத்துல கேள்வித்தாளக் கொடுத்துட்டு வருஷம் முழுக்க இதுதான்னு எழுதுற ஆய்வு எல்லாம் நம்ம ஊருக்கு ஒத்து வராது, இதை நான் ரொம்ப உறுதியாவே சொல்லுவேன், பஞ்சாங்கத்தப் பாக்காம செட்டிநாட்டுச் சாப்பாட்ட அளக்க முடியாது.

அட்டவணையில இருக்குற ஒரு குழி

எங்கூட ஒரு மாணவி இந்தக் கணக்க தனியாப் போட்டுப் பாத்தாங்க, அவங்களுக்கு என்னோடதவிட கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்குக்கு மேல வந்துச்சு. ரெண்டு பேரும் அதே கிராம், அதே கஞ்சி. கடைசியில பாத்தா அவங்க எடுத்த அட்டவணையில சர்க்கரையோட சேத்து எடை போட்டிருந்தாங்க. ஜெனிஸ்டின்னா சர்க்கரை ஒட்டுனது, மூலக்கூறு எடை 432, ஜெனிஸ்டீன்னா சர்க்கரை போனது, 270. ஒரு எழுத்துதான் நெடில், 1.6 மடங்கு வித்தியாசம். அமெரிக்க வேளாண் துறை 1999-ல ஐசோஃப்ளேவோனுக்குன்னு தனி அட்டவணை போட்டு, 2008-ல புதுப்பிச்சாங்க, அதுல எல்லாத்தையும் சர்க்கரை இல்லாத வடிவத்துக்கு மாத்திக் கொடுத்திருக்காங்க, நான் அந்த வழியத்தான் பிடிச்சுக்கிட்டேன். கடையில விக்கிற மாத்திரை டப்பாவுல போட்டிருக்குற மி.கி. எந்த வடிவம்னு பல நேரம் எழுதுறதே இல்ல, ஒப்பிடுறவங்க தயவுசெஞ்சு இதைக் கவனிங்க.

நம்ம ஊரு அட்டவணைன்னா ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல கொண்டுவந்தது, 528 உணவு, அருமையான வேலை, என் மேஜையில எப்பவும் இருக்கும். ஆனா அது பச்சையா இருக்குற சாமானுக்கு. ஊறப்போட்டு, பிழிஞ்சு, வறுத்த சுக்காவுக்கு நாமதான் அடுப்படியில நின்னு பாக்கணும்.

நல்லெண்ணெய்

இனிமேதான் என்னைத் தூங்கவிடாத பகுதி.

எள்ளுல லிக்னான் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். எவ்ளோன்னு கேட்டா, 2005-ல நெதர்லாந்துல அளந்தவங்க 100 கிராமுக்கு 39 மி.கி.ன்னாங்க, 2006-ல கனடாவுல அளந்தவங்க 8 மி.கி.ன்னாங்க. அஞ்சு மடங்கு. ஆச்சி இட்லிப் பொடியில ஒரு நாளைக்கு எள்ளு 3 கிராம் போகுது, அதனால கால் மி.கி.ல இருந்து 1.2 மி.கி.ன்னு எழுதிட்டுப் போயிரலாம், அதுல பெரிய ஆபத்து இல்ல. ஆனா இந்த ரெண்டு அட்டவணையிலயும் செசமின் சேர்த்தி இல்ல. எள்ளுல அதிகமா இருக்குற லிக்னானே அதுதான், எண்ணெய்ல நல்லாக் கரையும், செக்குல ஆட்டும்போது எண்ணெயோடவே வந்துரும், தண்ணியில கரையுற மத்த லிக்னான் எல்லாம் பிண்ணாக்குல தங்கிரும். பழைய அட்டவணைக்காரங்களுக்கு செசமின் கணக்குல வரல, ஏன்னா அது குடல்ல என்டரோலாக்டோன்ங்கற, ஈஸ்ட்ரோஜன் மாதிரி லேசா வேலை செய்யுற பொருளா மாறும்னு 2005 வாக்குலதான் தெளிவாக் காட்டுனாங்க. எள்ளெண்ணெய்ய சாலட் மேல நாலு சொட்டு விடுற ஊர்ல இது பெரிய விஷயமே இல்ல. செட்டிநாட்டுல?

ஆச்சி வீட்டுல செக்கெண்ணெய், 15 கிலோ டின், நாலு மாசம் வரும். வகுத்தா ஆளுக்கு ஒரு நாளைக்கு 31 கிராம். ஆனா டின்ல இருந்து போறதெல்லாம் வயித்துக்குப் போறது இல்ல, சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்க, சாமி வீட்டு விளக்குக்கு, ஊறுகாய்க்கு, சொந்தக்காரங்களுக்கு ஒரு பாட்டில்னு அதுலதான் போகுது. அதனால அடுப்புக்குப் பக்கத்துல இருக்குற எவர்சில்வர் தூக்க ஒவ்வொரு சமையலுக்கு முன்னாடியும் பின்னாடியும் தராசுல வெச்சேன். ஏழு நாள் சராசரி 72 கிராம். நாலு பேருக்கு 18.

இந்த 18-ஐயே எழுதியிருப்பேன், அஞ்சாவது நாள் ஒண்ணு பாத்தேன். எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம் ஆச்சி கடைசியா உக்காந்தாங்க. சுக்கா வறுத்த இரும்புச் சட்டிய இழுத்து, அடியில ஒட்டியிருக்குற மசாலா மேல ரெண்டு கை சோத்தப் போட்டு, சட்டியோட விளிம்பு வரைக்கும் துடைச்சு துடைச்சுப் பிசைஞ்சாங்க, சோறு செக்கச்செவேல்னு மினுமினுன்னு ஆயிருச்சு. எனக்கும் ஒரு உருண்டை உருட்டிக் கையில வெச்சாங்க. அந்த ருசிக்கு முன்னால எதுவும் நிக்காது, எங்க வீட்டுலயும் அம்மா இப்படித்தான் சாப்பிடுவாங்க. அடுத்த நாள் அந்தச் சட்டிய சோறு போடுறதுக்கு முன்னாடி நிறுத்தேன், கழுவிக் காய வெச்சும் நிறுத்தேன், 9 கிராம் வித்தியாசம், பாதிக்கு மேல எண்ணெய்தான். சமைக்கிற பொம்பளை கடைசியில சாப்பிடுறா, சட்டியில மிஞ்சுன எண்ணெயெல்லாம் அவ பங்கு. மொத்தத்த தலைக்கணக்குல வகுக்குற எந்த ஆய்விலயும் இது தெரியாது. ஆச்சியோட பங்க 22 கிராம்னு மாத்தினேன்.

செக்கெண்ணெய்ல செசமின் 0.1-லேர்ந்து 0.6 சதவீதம் வரை இருக்கலாம், எள்ளு ரகத்தப் பொறுத்து. 22 கிராம்னா 22 மி.கி.ல இருந்து 130 மி.கி. வரைக்கும். மீல் மேக்கரு, கஞ்சி ரெண்டையும் சேத்தாலும் இதோட கீழ் எல்லையத்தான் தொடும். மகளோட பயம் முழுக்க சோயா மேல இருந்துச்சு, ஆச்சி உடம்புக்குள்ள எடையில அதிகமாப் போற பொருளு பாட்டி காலத்துல இருந்து அதே தூக்குல இருக்கு.

இதை அப்படியே கூட்டி 150 மி.கி.ன்னு மகளுக்கு அனுப்பியிருந்தா அது பெரிய தப்பு. செசமின் அப்படியே ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யுறது இல்ல, குடல்ல இருக்குற பாக்டீரியா அதை உடைச்சு மாத்தணும், அதுல ஒரு பங்குதான் மாறும், அந்தப் பங்கு ஆளுக்கு ஆள் வேற. ஐசோஃப்ளேவோன் மி.கி.யும் செசமின் மி.கி.யும் ஒரே தட்டுல வெச்சுக் கூட்ட முடியாது, ரூபாயையும் கிலோவையும் கூட்டுற மாதிரி ஆயிரும். அதனால மூணு வரியா எழுதினேன், ஐசோஃப்ளேவோன் 12 முதல் 19, செசமின் நீங்கலா லிக்னான் 6 முதல் 7, அதுல பெரும்பங்கு ஆளிவிதை, மிச்சம் எள்ளும் தானியம், காய்கறியும், செசமின் தனியா 22 முதல் 130.

வாய்க்குள்ள போனதும் ரத்தத்துல சேர்றதும்

டைட்சீன ஈக்வாலா மாத்துற பாக்டீரியா எல்லார் குடல்லயும் கெடையாது. மேல்நாட்டுல நூத்துக்கு 25, 30 பேருக்கு இருக்கு, ஜப்பான், கொரியா பக்கம் 50, 60 பேருக்கு. ஆச்சிக்கு இருக்கான்னு பாக்கணும்னா சோயா கொடுத்து சிறுநீர அளக்கணும், நாங்க அதைச் செய்யல. அதோட ஆச்சி போன ஒரு வருஷத்துல நீர்க்கடுப்புக்கு ரெண்டு தடவை ஆண்டிபயாடிக் எடுத்திருக்காங்க. ஆண்டிபயாடிக் சாப்பிட்டவங்களுக்கு ரத்தத்துல என்டரோலாக்டோன் மாசக்கணக்குல குறைஞ்சே இருந்துச்சுன்னு ஃபின்லாந்துல பாத்திருக்காங்க. நான் கேக்காம விட்டிருந்தா இதுவும் தெரிஞ்சிருக்காது, சாப்பாட்டுக் கேள்வித்தாள்ல மருந்துக்கு எடம் இல்ல. 24 மணி நேரச் சிறுநீர முழுசாப் பிடிச்சு அளக்குறதுதான் ஐசோஃப்ளேவோனுக்கு நல்ல சோதனை, ஆனா அது ஒண்ணு ரெண்டு நாளுக்கு முன்னாடி சாப்பிட்டத மட்டும்தான் காட்டும்.

தைராய்டு என்னாச்சு

டி.எஸ்.ஹெச். ஏறுனதுக்கு ஈஸ்ட்ரோஜன் கணக்குல பதில் கெடைக்கல, ஆச்சி சொன்ன அந்த ஒரு வாக்கியத்துல இருந்துச்சு. மாத்திரையப் போட்டுட்டு காப்பி, கையோட கஞ்சி. தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல தண்ணியோட போகணும், சோயா அதை குடல்ல உறிஞ்சவிடாமத் தடுக்கும், காப்பியும் தடுக்கும், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரையும் அப்படித்தான். கார்த்திகையில கஞ்சி ஆரம்பிச்சாங்க, பங்குனியில டி.எஸ்.ஹெச். ஏறிருச்சு.

டாக்டர் மாத்திரைய 100-க்கு ஏத்தலாம்னு இருந்தார். நான் எழுதின தாளக் காட்டி, எட்டு வாரம் நேரத்த மட்டும் மாத்திப் பாக்கலாமான்னு கேட்டேன், சரின்னார். காலையில அஞ்சரைக்கு மாத்திரை, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காப்பி, கஞ்சி சாயங்காலம் நாலு மணிக்கு. ஆச்சி முதல் வாரம் ரொம்பக் கஷ்டப்பட்டாங்க, காப்பி இல்லாம அடுப்புப் பத்த வைக்கவே கை வராதுன்னாங்க. ஆவணியில எடுத்தப்ப 3.4. மாத்திரை அதே 75. காப்பி, கஞ்சி ரெண்டையும் ஒண்ணா நகத்துனதால எது காரணம்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, ஒண்ணொண்ணா மாத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும், ஆனா ஆச்சி உடம்பு எனக்குப் பரிசோதனைக்கூடம் இல்ல.

மகளுக்கு அனுப்புனது

மூணு வரிக் கணக்கையும் அனுப்பி, ஒரே நம்பர் ஏன் தரலன்னு மேல எழுதுன எல்லாத்தையும் ஃபோன்ல முக்கால் மணி நேரம் சொன்னேன். புற்றுநோய்ப் பயத்துக்கு, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல மாதவிலக்கு நின்ன பெண்கள் சாப்பிடுற ஐசோஃப்ளேவோன் மாத்திரைகளப் பரிசீலிச்சு, ஒரு நாளைக்கு 35-லேர்ந்து 150 மி.கி. வரைக்கும் எடுத்தவங்ககிட்ட மார்பு, கர்ப்பப்பை, தைராய்டு மூணுலயும் கெடுதலுக்கு ஆதாரம் இல்லன்னு சொன்னதச் சொன்னேன், ஆச்சி புரட்டாசியிலயும் தினசரி சராசரியில அதோட கீழ் எல்லையக் கூடத் தாண்டல. மார்புப் புற்றுநோய் இருந்தவங்க, அதுக்கு மருந்து எடுக்குறவங்க கதை வேற, அவங்க அவங்க டாக்டர்கிட்டதான் பேசணும், இந்தக் கணக்க வெச்சு முடிவு எடுக்கக்கூடாது.

ராத்திரி வேர்க்குறது குறையுமான்னு ஆச்சி கேட்டாங்க. தினம் 50 மி.கி. வாக்குல ஐசோஃப்ளேவோன் கொடுத்த ஆய்வுகளத் தொகுத்துப் பாத்தப்ப ஓரளவு குறைஞ்சிருக்கு, ஆனா உங்க சாப்பாட்டுல அவ்ளோ வரலன்னு சொன்னேன். "அப்ப மீல் மேக்கர இன்னும் கொஞ்சம் போடவா"ன்னாங்க. போடுங்க, ஆனா அதுக்காக மட்டனுக்குப் பதிலா தினமும் அதையே வேகவெச்சு வீட்டுல இருக்குறவங்கள வாட்ட வேணாம்னேன். எண்ணெய் பத்தி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன், ஈஸ்ட்ரோஜனுக்காக இல்ல, ஒரு நாளைக்கு 22 கிராம் நல்லெண்ணெய், அதுக்கு மேல பணியாரம் சுடுறது, தேன்குழல் வேற, அது 200 கலோரிக்குக் குறையாது. சட்டிச் சோத்த விடச் சொல்ல எனக்கு மனசு வரல, வாரத்துல ரெண்டு நாள்னு பேசி முடிச்சோம்.

இன்னும் ரெண்டு வேலை பாக்கி. செக்குக்காரர்கிட்ட இருந்து ஒரு பாட்டில் எண்ணெயும் அதே எள்ளும் வாங்கி வெச்சிருக்கேன், செசமின் அளக்குற வசதி உள்ள ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பணும், 22-க்கும் 130-க்கும் நடுவுல இருக்குற அந்தப் பெரிய இடைவெளி அப்பதான் சுருங்கும். மீல் மேக்கர் பிழிஞ்ச மஞ்சத் தண்ணியையும் ஒரு புட்டியில பிடிச்சு ஃப்ரீசர்ல வெச்சிருக்காங்க மருமக, நான் கேக்காமயே. புரட்டாசி முதல் சனிக்கிழமை திரும்ப தராசத் தூக்கிட்டுப் போறேன், ஆச்சி அதுக்குள்ள ஒரு நோட்டுப் போட்டு, தேதி போட்டு, தூக்கோட எடைய ரெண்டு வேளையும் எழுத ஆரம்பிச்சுட்டாங்க.